ஏழாம் வண்டியின் மறுபாதி

புவெனோஸ் ஐரெஸ்
6 மார்ச் 1966

அன்புள்ள அக்கா ஒதிலியாவுக்கு,

இங்கே நானும் தெலியாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். தந்தில் ஊரின் மலைக்காற்று உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா? மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ‘ஹில்கேரோ’ பஸ் கம்பெனிக்குப் பதினாலு வயது முடிந்தது. பணிமனை முற்றத்தில் கரி மூட்டி, ஒரு முழுக் கன்றைச் சுட்டோம். ஐந்து பேரும் ஐந்து ஓட்டை வண்டிகளுமாகச் சேற்றில் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? மழை பெய்தால் பயணிகளே இறங்கித் தள்ளுவார்கள், தள்ளினவர்களிடமும் டிக்கெட் காசு வாங்குவோம். இன்றைக்கு முப்பத்திரண்டு வண்டிகள். மத்தாதெரோஸிலிருந்து ஓன்சே வரை ஒரு குழி இல்லாத தார்ச்சாலை. வண்டிப் பக்கவாட்டில் கம்பெனிப் பெயருக்குரிய அந்த மஞ்சள் குருவியைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். வாலை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டான் பெயின்டர், கோழி மாதிரி இருக்கிறது.

விருந்தில் எல்லோரும் நிகாந்த்ரோ அத்தானுக்காக எழுந்து நின்று குடித்தார்கள். அவர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது என்று நம்பவே முடியவில்லை. “எஞ்சின் இருக்கற பாதி என்னோடது, பின்சக்கரம் இருக்கற பாதி உன்னோடது. பஞ்சர் ஆனா நீதான் பாத்துக்கணும்” என்று என்னிடம் சண்டை போடுவாரே, அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சான் எலோய் கம்பெனிக்காரன் நம்மைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறான். தொண்ணூறு வண்டி வைத்திருப்பவன் முப்பத்திரண்டு வண்டிக்காரனோடு ‘இணைகிறேன்’ என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நம் தலைவர் தோன் செஃபெரினோவுக்கு அதில் ஆசை வந்துவிட்டது. அக்டோபரில் பொதுக்கூட்டம் கூடி வாக்கெடுப்பு நடத்தப்போகிறார். நம் சட்டம்தான் தெரியுமே, வண்டிக்கு ஒரு வாக்கு. பங்காளிகள் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும், ஒத்துவராவிட்டால் அந்த வண்டிக்கு வாக்கே கிடையாது. நானும் அத்தானும் பங்குபோட்ட ஏழாம் வண்டியில் அவர் பாதி இப்போது உன்னுடையது. ஆகையால் தாள் அனுப்பும்போது ‘வேண்டாம்’ என்ற இடத்தில் உன் கையெழுத்து வேண்டும்.

எனக்குக் காலை ஆறு மணி ஓட்டம்தான் இன்னும். இப்போதெல்லாம் தெலியாவும் கூட வருகிறாள், முன்சீட்டில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டு. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லையாம்.

எல்லோருக்கும் அன்பு.
உன் தம்பி,
ஃபெர்மின்


தந்தில்
21 மார்ச் 1966

அன்புள்ள தம்பி ஃபெர்மினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் காலையில் என்னுடையது, மாலையில் எதிரியுடையது. மற்றபடி சௌக்கியம். பாலாடைக்கட்டிக் கடையில் நாள் முழுக்க நின்றே வியாபாரம். மகள் வேலையை விடச் சொல்கிறாள். விட்டுவிட்டு அவள் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கட்டுமா என்று கேட்டேன், பேச்சை நிறுத்திவிட்டாள்.

கையெழுத்துக்கு நீ கெஞ்சவே வேண்டாம். அந்தக் கம்பெனி நிகாந்த்ரோவின் முதுகெலும்பில் நின்றது. முதல் வண்டிக்கு ஒரு லாரியின் அடிச்சட்டத்தை வாங்கி, தச்சன் வீட்டு வாசலில் நாலு மாதம் காவல் கிடந்து மேல்கூடு கட்டி வாங்கினார். ஜன்னல் திரைகளை நான் தைத்தேன். அந்தக் குருவியை அழித்துவிட்டு சான் எலோய் என்று ஒரு புனிதர் பெயரை எழுத நானா சம்மதிப்பேன்? வேண்டாம் என்றே போடுகிறேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. தெலியாவா வண்டியில் வருகிறாள்? கல்யாணத்தன்று தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரத்தில் வாந்தி எடுத்தவள் அவள். கம்பெனித் திறப்பு விழாவுக்குக்கூட நடந்துதான் வந்தாள். அவள் வயிறு எப்போது சரியானது? என்ன மருந்து சாப்பிட்டாள்? என் பேத்திக்கும் அதே உபத்திரவம். கேட்டு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். இருவருக்கும் என் முத்தம்.
அக்கா,
ஒதிலியா


புவெனோஸ் ஐரெஸ்
17 ஏப்ரல் 1966

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். நாங்களும் அப்படியே. உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஒரு வயது குறைந்துவிட்டது. ‘வேண்டாம்’ என்று நீ எழுதிய வரியைத் தெலியாவை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். என் மூக்குக்கண்ணாடியைப் பணிமனையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

தோன் செஃபெரினோ வீட்டுக்கே வந்தார். மாத்தே ஊற்றிக் கொடுத்தேன், ஒரு மணி நேரம் உறிஞ்சினார். நிபந்தனைகளைச் சொன்னார், உனக்கும் எழுதிவிடுகிறேன். எல்லா வண்டிக்கும் ஒரே பச்சைச் சாயம் அடிப்பார்களாம். ஓட்டுநருக்குச் சாம்பல் சட்டை, கழுத்தில் டை. டிக்கெட்டுக்கு இயந்திரம். வயதானால் ஓய்வூதியம். கண்ணாடியைச் சுற்றித் தொங்கும் குஞ்சம், படம், பொம்மை எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம். பயணிகளைக் காக்கும் புனித கிறிஸ்தோபரை மட்டும் விட்டுவைப்பார்கள். அவ்வளவுதான். டை கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்கு நான் என்ன நோட்டரியா?

நிபந்தனை போடுகிறவனுக்கு என் தடம் தெரியுமா, அக்கா? கசாப்புக்கூட வாடை போய்ச் சோப்புத் தொழிற்சாலை வாடை வந்தால் முதல் வளைவு. ரொட்டி மணம் வந்தால் பள்ளிக்கூட நிறுத்தம். ரயில் பாதையைத் தாண்டியதும் இடது சக்கரத்தில் ஒரு தட்டு விழும், அதிலிருந்து பன்னிரண்டு எண்ணினால் மருத்துவமனை வாசல். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன். அவனுடைய ஓட்டுநர்களை அப்படி ஓட்டச் சொல் பார்ப்போம்.

வீட்டில் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன்? சொல். ஞாயிற்றுக்கிழமைகளிலேயே பகல் இரண்டு மணிக்குள் கூரையில் ஏறி ஓட்டை தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

வாக்குத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

உன் தம்பி,
ஃபெர்மின்


தந்தில்
8 மே 1966

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். குளிர் வந்துவிட்டது, கடையில் கையுறை போட்டுக்கொண்டுதான் கத்தியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உனக்கு இரண்டு சலாமே தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறேன். பெரியது தெலியாவுக்கு, நீ அதைத் தொடாதே.

தாள் வந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை, கோபப்படாதே. செஃபெரினோ பங்காளிகள் எல்லோருக்கும் அச்சடித்த சுற்றறிக்கை அனுப்பப்போவதாக உன் தாளின் அடியிலேயே போட்டிருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நிகாந்த்ரோ எழுந்து வந்து திட்டுவார். அதைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன். என் எண்ணம் மாறவில்லை.

உன் எழுத்துக்கு என்ன வந்தது? ஒவ்வொன்றும் ஒரு பன் ரொட்டி அளவு இருக்கிறது. மேல் வரி கீழ் வரியில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அப்பா உன்னைக் கையெழுத்துக்காக அடித்த அடியெல்லாம் வீண்.

தெலியாவின் வயிற்று மருந்தைக் கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். இந்த முறை எழுது. தினமும் எத்தனை ஓட்டம் உன்னோடு வருகிறாள்?

பதில் எதிர்பார்க்கும் அக்கா,
ஒதிலியா


புவெனோஸ் ஐரெஸ்
26 ஜூன் 1966

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிப்பு, வேலை அதிகம்.

சலாமே வந்தது. பெரியதைத்தான் முதலில் தின்றோம்.

ஜூன் முதல் வாரத்தில் பெரிய சாலையில் சான் எலோய் வண்டிக்காரன் ஒருவன் என்னை உரசிவிட்டுப் போனான். என் வலப்பக்கக் கண்ணாடி போயிற்று. அவன்மேல்தான் தப்பு. பயணி பிடிக்க எங்களோடு ஓட்டப்பந்தயம் விடுகிறான்கள். இவன்களோடுதான் நாம் சேர வேண்டுமாம். வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

தாளை அனுப்பு அக்கா. செஃபெரினோ ஒவ்வொரு வண்டியாக எண்ணிக்கொண்டிருக்கிறார். பதினைந்து இந்தப் பக்கம், பதினைந்து அந்தப் பக்கம் என்கிறார்கள். உன் ஒரு கையெழுத்துக்காக நான் தினம் தபால்காரனிடம் பல் இளிக்க வேண்டியிருக்கிறது.

ஃபெர்மின்


தந்தில்
11 ஜூலை 1966

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இதை நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அரசாங்கம் மாறியதில் அங்கே தெருவெல்லாம் சிப்பாய்கள் என்று வானொலியில் சொன்னார்கள். நீ அன்றும் ஆறு மணி ஓட்டம் போயிருப்பாய், எனக்குத் தெரியும்.

செஃபெரினோவின் சுற்றறிக்கை வந்துவிட்டது. நீ எழுதிய பச்சைச் சாயம் அதில் முதலில் இருக்கிறது. சட்டை, டை இரண்டாவது. இயந்திரம் மூன்றாவது. ஓய்வூதியம் ஐந்தாவது, குஞ்சமும் பொம்மையும் ஆறாவது. நாலாவதை நீ எழுதவே இல்லை. ‘எல்லா ஓட்டுநர்களும் மருத்துவர் முன் உடல், கண் பரிசோதனைக்கு வர வேண்டும். தேறாதவர் வண்டியைத் தொடக் கூடாது. அவருடைய பங்கு அவருக்கே இருக்கும்.’

மறந்தாயா, விட்டாயா?

தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தெலியாவைப் பற்றி இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கிறேன்.

அக்கா,
ஒதிலியா


புவெனோஸ் ஐரெஸ்
31 ஜூலை 1966

அக்காவுக்கு,

நானும் தெலியாவும் சௌக்கியம். நீ கேட்டதற்குப் பதில்.

நாலாவதை விட்டதற்குக் காரணம், அது எழுதத் தகுந்த விஷயமே இல்லை. பதினாலு வருடம் ஓட்டியவனை வெள்ளைச் சட்டைக்காரப் பையன் ஒருவன் நாக்கை நீட்டச் சொல்வான். சுவரில் எழுத்து ஒட்டிவைத்து வாசிக்கச் சொல்வான். ஆனா ஆவன்னா படிக்கவா நான் கம்பெனி ஆரம்பித்தேன்?

வண்டி ஓட்டுகிறவனுக்குத் தன் உடம்பு தெரியும். வேறு எவனும் சொல்ல வேண்டாம். நிகாந்த்ரோ அத்தானை எந்த டாக்டர் பார்த்தான்? ஓன்சே கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். நாற்பத்தொரு பேர் ஒரு கீறல் இல்லாமல் இறங்கிப் போனார்கள். மார் வெடித்தபோதும் வண்டியை விடவில்லை. ஊரே பேசியது. ஓட்டுநர் என்றால் அவர்தான். அவர் பாதியை வைத்துக்கொண்டு நீ எனக்கு எதிராக நிற்கிறாய்.

எனக்கு அந்த ஸ்டியரிங் தவிர வேறொன்றும் கிடையாது. பிள்ளையும் இல்லை. நீ ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அதைக் காப்பாற்று.

ஃபெர்மின்


தந்தில்
14 ஆகஸ்ட் 1966

என் தம்பி ஃபெர்மினுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன்.

முதலில் தெலியாவுக்கு. தெலியா, இந்தக் கடிதத்தை நீதான் உரக்க வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என் தம்பி பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அவன் பிறந்ததிலிருந்து ஒன்றுகூட இல்லை. குற்றம் சொன்னால் குற்றத்துக்குப் பதில், பெரிய சலாமேயைத் தொடாதே என்றால் அதற்கும் பதில். உன்னைப் பற்றி நான் கேட்டது மட்டும் அவன் காதில் விழவே இல்லை. வாசிக்கிறவள் தாண்டிப் போயிருக்கிறாள். இந்த வரியைத் தாண்டாதே. இதற்குக் கீழே இருப்பதையும் கடைசி வரை வாசி.

ஃபெர்மின், உனக்குக் கண் தெரியவில்லை. வயிறு புரளும் தெலியா தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து உனக்காகப் பார்க்கிறாள். சோப்பு வாடையையும் ரொட்டி மணத்தையும் வைத்து நீ வண்டி ஓட்டுகிறாய். அதை எனக்கே பெருமையாக எழுதினாய். ரொட்டிக்காரனுக்கு ஒரு நாள் விடுமுறை என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன ஆகும்?

இப்போது நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். நிகாந்த்ரோவை டாக்டர் பார்த்தார். சாவதற்கு எட்டு மாதம் முன்னால். நானும் கூடப் போயிருந்தேன். “இந்த நெஞ்ச வெச்சிக்கிட்டு வண்டியத் தொடக் கூடாதும்மா, எப்ப வேணா நின்னுடும்” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வெளியே வந்ததும் நிகாந்த்ரோ, “ஃபெர்மின்கிட்ட மூச்சு விடாத, என்ன வீட்ல உட்கார வெச்சுடுவான்” என்றார். நான் மூச்சு விடவில்லை. எட்டு மாதம் தினமும் காலையில் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு நானே அனுப்பிவைத்தேன். அவர் ஆசைப்பட்டார், நானும் அவரை வாடிய முகத்தோடு பார்க்க முடியாமல் ஒத்துக்கொண்டேன். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கத்தின்போது எல்லோரும் அந்த ஹேண்ட்பிரேக்கைப் புகழ்ந்தார்கள். நான் தலையாட்டினேன். இரண்டு வருடமாகத் தலையாட்டுகிறேன். அந்த நெஞ்சு இரண்டு நிமிடம் முன்னால் நின்றிருந்தால் வண்டி பள்ளிக்கூட நிறுத்தத்தில் இருந்திருக்கும், ஃபெர்மின். அது அவர் திறமை இல்லை, நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அந்த நாற்பத்தொரு பேரை நான்தான் பணயம் வைத்தேன். ஊரைவிட்டு நான் ஏன் வந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. மகளுக்குத் துணை என்று சொன்னேன். அந்தக் குருவி போட்ட வண்டி ஒவ்வொன்றும் போகும்போது என்னால் நிற்க முடியவில்லை.

அந்த வண்டியில் பாதி என்னுடையது. நீ யாரை இடித்தாலும் பாதி நான் இடித்தது. இன்னொரு முறை என்னால் முடியாது.

தாளில் ‘சேரலாம்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்புகிறேன். நீ போடாவிட்டால் நம் வண்டிக்கு வாக்கில்லாமல் போகட்டும். ஆனால் வண்டியை உடனே விடு. செஃபெரினோவுக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். செப்டம்பர் பத்தாம் தேதி வரை அது இழுப்பறையில் இருக்கும்.

உன்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் இதை எழுதுகிறேன். நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்து வெறு.

ஒதிலியா


புவெனோஸ் ஐரெஸ்
4 செப்டம்பர் 1966

அண்ணிக்கு,

உங்கள் முழங்காலுக்கும் மகள் குடும்பத்துக்கும் என் விசாரிப்பு. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாண்டிப் போனேன் என்பது உண்மைதான். வாசிக்கும்போதே உங்கள் கேள்வி முன்னால் வந்து நிற்கும், நான் அடுத்த வரிக்குக் குதித்துவிடுவேன். எட்டு மாதம் நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன் என்று இப்போது தெரிகிறது.

போன வருடம் நவம்பரில் ஆரம்பித்தது. நடுவில் புகை பிடித்த மாதிரி இருக்கிறதாம். ஓரங்கள் தெரியும், எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. டாக்டரிடம் போகவே மாட்டேன் என்றார். நான் எலுமிச்சைத் தோலை நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன். “ஆள் நிக்குது”, “சிவப்பு”, “வலப்பக்கம் சைக்கிள்” என்று பின்னலைப் பார்க்கிற மாதிரி முணுமுணுப்பேன். காசை நான் எண்ணிக் கொடுத்தேன். பயணிகள் எங்களைப் பார்த்து, வயதான காலத்தில் என்ன ஒட்டுதல் என்று சிரித்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருடத்தில் அவர் என்னை இவ்வளவு தேடியதில்லை.

ஜூனில் உரசியது சான் எலோய் வண்டி இல்லை, அண்ணி. நூல்கண்டு உருண்டு விழுந்தது, எடுக்கக் குனிந்தேன். ஒரு நொடிதான். மூன்று சக்கர வண்டியில் ரொட்டி கொண்டுபோன ஒரு மனிதர். கண்ணாடி அவர் தோளில் பட்டு, அவர் விழுந்து, ரொட்டியெல்லாம் சாலையில். எழுந்துவிட்டார், கை முழுக்கச் சிராய்ப்பு. அவர்தான் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் கடிதத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். எனக்கு எழுதிய வரியையும் வாசித்தேன். அவர் ஞாயிறு முழுக்கக் கூரைமேல் இருந்தார். திங்கட்கிழமை காலை வழக்கம்போல் சவரம் செய்துகொண்டு புறப்பட்டார். நானும் கூடவே பணிமனைக்குப் போனேன். அவர் ஏறி எஞ்சினைப் போட்டார். நான் கீழேயே நின்றேன்.

“ஏறு தெலியா, நேரமாச்சு” என்றார்.

“நான் ஏற மாட்டேன்” என்றேன்.

“சும்மா ஏறு.”

“இனிமே ஏற மாட்டேன், ஃபெர்மின். முடிஞ்சா தனியாப் போ.”

அவர் என்னைத் திட்டவில்லை. கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி வாசலைப் பார்த்தார். வாசல் அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. பயணிகள் இருபது பேர் வெளியே குளிரில் நின்றிருந்தார்கள். பத்து நிமிடம் எஞ்சின் ஓடியது. நான் அவ்வளவு பயந்தது வாழ்க்கையில் கிடையாது. பிறகு அணைத்தார். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அன்றிலிருந்து ஓட்டவில்லை. காய்ச்சல் என்று சொல்லி ஆள் போட்டிருக்கிறோம். என்னோடு பேசுவதில்லை, உங்கள் பெயரை எடுப்பதில்லை. உங்கள் தாளை மட்டும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். இழுப்பறையில் இருப்பதைக் கிழித்துவிடுங்கள்.

தெலியா


புவெனோஸ் ஐரெஸ்
30 அக்டோபர் 1966

அக்கா ஒதிலியாவுக்கு,

எழுதுவது தெலியா, சொல்வது நான். இருவரும் இருக்கிறோம். நலம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருப்பதால் கேட்கிறேன்.

கோபம் அப்படியே இருக்கிறது. அத்தான் விஷயத்தை நீ எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து மறைத்திருப்பேன், அது வேறு விஷயம். (இதை எழுத மாட்டேன் என்றாள் தெலியா. நான் பேனா ஓடும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.)

பொதுக்கூட்டம் பதினைந்தாம் தேதி நடந்தது. செஃபெரினோ எண் எண்ணாக வாசித்தார். ஏழு என்றதும் எழுந்தேன். உன் தாளை நீட்டினேன், அதில் என் கையெழுத்து கோட்டுக்கு வெளியே எங்கேயோ இருந்திருக்கும். “சேரலாம்னு எழுதிக்கங்க” என்றேன். உட்கார மனம் வரவில்லை. “இன்னொண்ணும் எழுதிக்கங்க. போன நவம்பர்லேருந்து எனக்குக் கண்ணு தெரியல. ரொட்டிக்காரர் ஒருத்தர இடிச்சேன். உங்களுக்கு நடுவுலதான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

யாராவது அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். பதினொன்றாம் வண்டி லாமாஸ்தான் வாயைத் திறந்தான். “தெரியும் ஃபெர்மின். மார்ச்லேருந்தே தெரியும். நீ வர்ற நேரத்துக்கு நாங்க ஒதுங்கி வழி விட்டுக்கிட்டுதான் இருக்கோம்.”

முப்பத்தொரு வண்டிக்காரர்கள், அக்கா. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முன்னால் போகிறவன் நிறுத்தத்தில் எனக்காக இடம் விட்டிருக்கிறான், பின்னால் வருகிறவன் என்னை முந்தாமல் வந்திருக்கிறான். ஒருவன்கூட என் சட்டையைப் பிடித்து இறங்குடா என்று சொல்லவில்லை. மூத்த பங்காளியை எப்படிச் சொல்வது என்று மரியாதை. அந்த மரியாதைக்கு நடுவே ரொட்டிக்காரர் விழுந்தார். சான் எலோய்க்காரனாக இருந்தால் மார்ச்சிலேயே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பான். இதைச் சொல்ல எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் உண்மை. நான் அங்கேயே எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டினேன், பிறகு எல்லோரும் அழுதோம். இருபத்தொன்றுக்குப் பதினொன்று. ஹில்கேரோ முடிந்தது. ரொட்டிக்காரர் வீட்டைத் தேடிப் பிடித்து நானும் தெலியாவும் போய் வந்தோம். அவர் பெயர் எமெத்தேரியோ. தோள் இன்னும் முழுசாக உயரவில்லை.

போன திங்கட்கிழமை வண்டிகள் பச்சையாக ஓட ஆரம்பித்தன. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. தெலியாவிடம் சொல்லாமல் தனியாக மூலை நிறுத்தத்துக்குப் போனேன். பதினாலு வருடத்தில் நான் ஒரு நிறுத்தத்தில் நின்று வண்டிக்காகக் காத்திருந்ததே இல்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது தெரியுமா? இவ்வளவு நேரமா நாம் ஜனங்களை நிற்க வைத்தோம்? ஏதோ ஒன்று வந்து நின்றது. எதிரே பச்சையாக ஒரு கலக்கம், எண் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன், “இது எந்த வண்டிம்மா?” அவள் சொன்னாள். நான் போட்ட தடம்தான்.

ஏறினேன். ஓட்டுகிறவன் இளைஞன், என்னைத் தெரியாதவன். “எங்க இறங்கணும் பெரியவரே?” என்று கேட்டான். இதை நான் எத்தனை லட்சம் பேரிடம் கேட்டிருப்பேன். நான் எங்கேயும் இறங்கியதில்லை. பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன், தந்திலுக்கு ரயில் புறப்படும் நிலையத்தின் பெயரை.

“இது அங்க போகாதுங்க. ஓன்சேல இறங்கி வேற பஸ் மாறணும்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். டிக்கெட்டைக் கையில் வைத்து, விரல்களை மடக்கியும் விட்டான். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன், அக்கா.

சனிக்கிழமை ரயிலில் இருவரும் வருகிறோம். நிலையத்துக்கு நீயே வந்து நில். கூட்டத்தில் உன் முகம் எனக்குத் தெரியாது, நீதான் என்னைக் கூப்பிட வேண்டும்.

உன் தம்பி,
ஃபெர்மின்